ஹேர்பின் பூட்டு

பக்கத்து வீட்டுப் பூட்டை ஒரு ஹேர்பின்னால் திறந்துவிடலாம் என்று உங்களுக்குத் தெரியவருகிறது. அவரிடம் சொல்வீர்களா? ‘இதென்ன கேள்வி, சொல்லாமல் இருப்பேனா?’ என்பீர்கள். சரி, அவர் கள்ளநோட்டு அடிக்கிறார் என்று சந்தேகம். உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். இப்போது? இன்னொரு விஷயம், உங்கள் வீட்டிலும் ஊர் பூராவும் அதே பூட்டுதான்.

அமெரிக்க உளவு நிறுவனமான என்.எஸ்.ஏ. பல வருஷம் சொல்லவில்லை.

விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் ஒன்றுக்கொன்று ஃபைல், பிரிண்டர் பகிர்ந்துகொள்ள எஸ்.எம்.பி. என்று ஒரு ஏற்பாடு. அதன் பழைய வடிவத்தில் ஒரு கணக்குப் பிழை. வந்த தகவலை வைக்க எவ்வளவு மெமரி வேண்டும் என்று பார்க்கையில், 32 பிட் எண்ணில் 16 பிட்டை மட்டும் திருத்திவிட்டு மீதியை அப்படியே விட்டுவிட்டது. ஆழாக்கு டம்ளரில் ஒரு படி பாலை ஊற்றின மாதிரி. பால் வழிந்தால் மேடையைத் துடைத்துவிட்டுப் போகலாம். இங்கே வழிவது, அனுப்பியவன் எழுதிவைத்த கட்டளை. பாஸ்வேர்டே கேட்காமல் கெர்னல் என்கிற கருவறை வரை போய்விடலாம்.

இதற்கான ஹேர்பினுக்கு ‘எடர்னல் ப்ளூ’ என்று பெயர். ஐந்து வருஷத்துக்கு மேல் உபயோகித்தார்களாம், ‘வாஷிங்டன் போஸ்ட்’ எழுதியது. அப்புறம் ஹேர்பினே திருட்டுப்போய்விட்டது! 2017 மார்ச்சில் மைக்ரோசாஃப்ட் ஒட்டுப்போட்டது. ஏப்ரலில் திருடர்கள் சாமானை ஊரறியக் கடைபரப்பினார்கள். மே 12-ல் ‘வான்னக்ரை’. இங்கிலாந்தில் 236 அரசு மருத்துவ அமைப்புகளில் குறைந்தது 80 பாதிக்கப்பட்டன. திரையில் நோயாளியின் விவரத்துக்குப் பதில் 300 டாலர் கேட்டு ஒரு சிவப்புக் கட்டம். ஆபரேஷன்கள் தள்ளிப்போயின, சில இடங்களில் ஆம்புலன்ஸை வேறு ஆஸ்பத்திரிக்குத் திருப்பினார்கள்.

ஒட்டு வந்து இரண்டு மாதமாகியும் போடாதது ஆஸ்பத்திரிகளின் தப்புதானே என்றால், ஆமாம், அதுவும்தான். உளவாளி ரகசியம் காப்பதையும் நான் குறை சொல்லவில்லை, அது அவர் தொழில். என்னை உறுத்துவது வேறு. லாபம் ஒருத்தருக்கு, அபாயம் இன்னொருத்தருக்கு. ஆபரேஷனுக்காக வெறும் வயிற்றோடு படுத்திருந்தவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இப்படி அகப்படும் ஓட்டைகளைச் சொல்வதா, மறைப்பதா என்று தீர்மானிக்க அமெரிக்க அரசில் ஒரு குழு உண்டு. அதன் விதிமுறைகளை 2017 நவம்பரில் வெளியிட்டார்கள். யார் யாருக்கு நாற்காலி என்று பார்த்தேன். சி.ஐ.ஏ., ராணுவம், நிதி, வர்த்தகம், எரிசக்தித் துறைகூட இருந்தது. சுகாதாரத் துறை இல்லை.