உட்கோட்டம்

உத்திரமேரூரிலிருந்து செய்யாற்றையும் பாலாற்றையும் கடந்து காஞ்சிபுரத்துக்கு அன்றாடம் சைக்கிளில் போய்வரும் எனக்கு, தர்மம் என்பது புறத்தே தோன்றும் ஆசாரமா, அகத்தே நிலவும் செம்மையா என்னும் பழங்கேள்வி, சாஸ்திர நூல்களைப் புரட்டும்போதல்லாமல், ஒரு பின்சக்கரத்தைப் பழுது பார்க்க உட்கார்ந்திருந்த வேளையிலேயே உறைத்தது.

வேகத்தின்மேல் கொண்ட ஆசையால் பந்தய ரகச் சைக்கிள் ஒன்று வாங்கியிருந்தேன். சொற்பக் கம்பிகளோடு ஆலையிலிருந்து வந்த அதன் சக்கரம், தூக்கிச் சுழற்றினால் எள்ளளவும் கோணாமல் சுழலும். ஆனால் சில வாரங்களில், மாகறலைத் தாண்டுமுன்பே பிரேக் கட்டையில் உரசத் தொடங்கிற்று. ஓரிடத்தில் கொடுத்துக் கோட்டம் எடுத்தேன். பத்து நாளில் பழைய கதையே. பிறகு உள்ளூர்ச் சைக்கிள் கடை முதியவரிடம் கொண்டுபோனேன். அவர் கம்பிகளை ஒவ்வொன்றாக விரலால் மீட்டிக் கேட்டுவிட்டு, "கண்ணுக்கு மட்டுந்தான் நேராக்கியிருக்காங்க சார், காதுக்கு இல்ல" என்றார்.

அதன் சூட்சுமம் இதுதான். மாட்டு வண்டியின் மர ஆரக்கால் பாரத்தைத் தூண்போல் நின்று தாங்கும். சைக்கிளின் மெல்லிய கம்பிக்கோ நின்று தாங்கும் வலுவில்லை, முன்னதாகவே இழுத்துக் கட்டப்பட்ட விசையினாலேயே அது தன் பங்கைச் சுமக்கிறது. ஒரு கம்பி அளவுக்கு மீறி இறுகி, அதே பக்கத்தில் அதையடுத்த கம்பி தளர்ந்திருந்தாலும், அக்குறைகள் ஒன்றையொன்று மறைத்து ரிம்மை நேராகக் காட்டிவிடக்கூடும். ஆனால் ஆள் ஏறி மிதிக்க மிதிக்க, தளர்ந்த கம்பியின் நிப்பிள் மேலும் கழன்று, மறைந்திருந்த கோணல் வெளிப்பட்டுவிடும்.

சக்கரம் ஓடினால் போதாதா, உள்ளே எப்படி இருந்தால் என்ன என்று லௌகிகர் கேட்கலாம். ஒரு நாள் ஓட்டத்துக்கு அது போதும். ஆயுள் முழுவதும் செல்லவேண்டிய மார்க்கத்துக்குப் போதாது. அதனாலன்றோ நடுவுநிலைமையைக் கூறப் புகுந்த வள்ளுவர், சொல்லின் நேர்மைக்கும் உள்ளத்தில் கோட்டமின்மையையே ஆதாரமாக வைத்தார்! எங்கள் ஊர் வைகுந்தப் பெருமாள் கோயிலில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில் 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட குடவோலைச் சாசனங்களும், குடும்பு என்னும் 30 ஊர்ப்பகுதிகளிலிருந்து ஊர்ச்சபை வாரியத்துக்கு வருவோரிடம் நிலம், வயது, கல்வி ஆகிய எண்ணிப் பார்க்கத்தக்க தகுதிகளோடு நில்லாமல், பொருளில் தூய்மையையும் ஆன்மாவில் தூய்மையையும் சேர்த்தே வேண்டின.

முதியவர் பழைய சக்கரத்தை ஒதுக்கிவிட்டு, 36 கம்பிகள் கோத்துப் புதியதொன்றைக் கையாலேயே கட்டினார். நேராக்கிய பின்னும் அவர் திருப்தி கொள்ளாமல், இணைக் கம்பிகளை உள்ளங்கையில் பற்றி வலுவாக நெரித்தார். அடங்கியிருந்த முறுக்கு 'டக்'கென்று விட்டு, கோட்டம் மீண்டும் தலைகாட்டிற்று. மறுபடி நேராக்கி, மறுபடி நெரித்தார். இன்பத்தில் நேராகத் தோன்றுகிறவனைத் துன்பம் நெரித்துப் பார்ப்பதும் இதே காரியத்துக்காகத்தானோ என்று எண்ணிக்கொண்டேன். பிரீவீல் பக்கத்துக் கம்பிகள் மட்டும் உயர்ந்த சுருதியில் ஒலித்ததைக் கேட்டு நான் ஐயுற்றபோது, ரிம் நடுவில் நிற்க அந்தப் பக்கம் கூடுதலாக இழுத்தே ஆகவேண்டும் என்றார். சமத்துவம் என்பது எல்லோர்மீதும் ஒரே பாரத்தை ஏற்றுவதன்று, அவரவர் நிற்கும் இடத்துக்கேற்ற ஸ்வதர்மத்தை வழுவாமல் ஏற்பதே என்பதற்கு வேறு வியாக்கியானம் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

ஆகவே, சக்கரம் வாங்கப் போகும் அன்பர்களே, அது சுழலும் அழகை மட்டும் கண்டு மயங்கிவிடாதீர்கள். ஒரே பக்கத்துக் கம்பிகளை விரலால் மீட்டிக் கேளுங்கள். வீடு திரும்பியபின், அதே விரலைச் சற்று நம் நெஞ்சின்மீதும் வைத்துப் பார்ப்போம்.