ஆசைக்கு அளவிடுதல்



நீட் தேர்வின் முடிவு வெளிவந்ததும் நம் இல்லங்கள் சிலவற்றில் ஒரு வினா எழுகின்றது. அரசுக் கல்லூரியில் இடம் கிட்டவில்லை. தனியார் பல் மருத்துவக் கல்லூரி ஒன்று நிர்வாக ஒதுக்கீட்டில் இடம் தருகின்றது. கட்டணமோ மிகப் பெரிது. சில நாள்களுக்குள் பணம் கட்ட வேண்டும். ஏற்பதா, விடுவதா?

இதற்கு அறநூல் விடை கூறுமா எனில், கூறும். இல்லறத்தார்க்குரிய ஐந்து அணுவிரதங்களுள் இறுதியானது மிகுபொருள் விரும்பாமை. சமந்தபத்திர ஆசாரியர் இதனை 'இச்சா பரிமாணம்', அதாவது ஆசைக்கு அளவிடுதல், என்றும் வழங்குகின்றார். இவ்விரதம் கல்வியைத் தடுப்பதன்று. அறிவே உயிரின் இயல்பு என்பதன்றோ நம் கொள்கை! அளவை முன்னரே வகுத்துக்கொள்க என்பதே அதன் ஆணை. திசைவிரதம் பூண்டவர் புறப்படுமுன் எல்லையைக் குறித்துக்கொள்வார். பாதி வழியில் நின்று எல்லையைத் தேடார்.

ஆகவே, கல்லூரியின் அழைப்பு வருமுன்பே பெற்றோரும் பிள்ளையும் ஒருங்கமர்ந்து கணக்கிடுதல் வேண்டும். ரூ. 25 இலட்சம் கடன், 10 விழுக்காடு வட்டி, 10 ஆண்டுத் தவணை எனக் கொள்வோம். மாதந்தோறும் ஏறத்தாழ ரூ. 33,000 செலுத்த வேண்டும். மொத்தம் 39 இலட்சத்தைக் கடந்துவிடும். நான்காண்டுப் படிப்பும் ஓராண்டுக் கட்டாயப் பயிற்சியும் முடியும்வரை சேரும் வட்டி இதற்குப் புறம்பு. தனியே மருத்துவமனை வைக்க நாற்காலியும் கருவிகளும் வாங்கும் செலவு பின்னர் வரும்.

கடனின் சுமை கையையும் வளைக்கும். அடைத்தால் போதுமான பல்லுக்கு வேர்ச் சிகிச்சை தேவையென்று சொல்லத் தூண்டுவது தவணை நாளாயின், பொய்யாமையும் கள்ளாமையும் அங்கே என்னாகும்? ஒரு விரதத்தின் அளவு கடந்தால் பிற விரதங்களும் தளரும்.

நம்மை உந்துவது யாது என்பதையும் ஆராய வேண்டும். பிள்ளைக்குப் பல் மருத்துவத்தில் உண்மையான விருப்பம் உண்டா? அல்லது 'டாக்டர்' என்னும் பட்டத்தை உறவினர் முன் காட்டும் விழைவா? பின்னதாயின் அது மானமென்னும் கஷாயமே. அதற்காக முன்னோர் விட்டுச்சென்ற நிலத்தை விற்பது அறமாகாது.

வகுத்த அளவுக்குள் அடங்குமாயின் மகிழ்ந்து ஏற்க. வலி தீர்க்கும் கை ஔடத தானம் செய்யும் கையாகும். அளவைக் கடக்குமாயின் அமைதியாக விடுக. மீண்டும் ஓராண்டு முயலலாம். செவிலியம், மருந்தியல், இயன்முறை மருத்துவம் எனப் பிற வழிகளும் உள. ஒன்றை மட்டும் மறவற்க: ஏற்பினும் விடுப்பினும், "உன்னால் இவ்வளவு செலவு" என்றோ, "உன் மதிப்பெண் குறைந்ததால் போயிற்று" என்றோ பிள்ளையிடம் சொல்லற்க. அச்சொல் கொல்லாமைக்கு மாறானது.

அறம் வளர்க!