அளவும் அளவையும்

தமிழில் ‘அளவை’ என்ற சொல் இரண்டு துறைகளுக்கு உரியது. நாழியாலும் உழக்காலும் முழக்கோலாலும் பொருளை அளப்பதும் அளவை. ஒரு செய்தி மெய்யா பொய்யா என்று தெளிவதற்குத் துணையாகும் அறிவு வழியும் அளவை. வடமொழியார் பிரமாணம் என்பதை மணிமேகலையும் சைவ சித்தாந்த நூல்களும் இச்சொல்லாலேயே வழங்குகின்றன. பிரமாணம் என்ற சொல்லின் வேரும் அளத்தல் என்னும் பொருளுடையதே. ஆகவே எதைக் கொண்டு அளந்தது என்ற கேள்வியும், அளந்து கண்டதை எந்த உரிமையால் உண்மை என்பது என்ற கேள்வியும் இந்த மரபில் ஒரே சொல்லின் இரு பக்கங்களாக நிற்கின்றன. மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் ஸ்மார்ட் வாட்சும் உடற்பயிற்சிப் பட்டையும் நாள்தோறும் காட்டும் ‘செலவான கலோரி’ என்ற எண்ணைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் முதற்கேள்வியோடு நின்றுவிடுகின்றனர். எண் எவ்வளவு துல்லியம் என்பதற்கு முன்னால், அந்த எண் காட்சியா (நேரே கண்டறிவது), கருதலா (அடையாளத்தைக் கொண்டு உய்த்தறிவது), உரையா (பிறர் சொல்லால் அறிவது) என்று கேட்பதே முறை.

கலோரி என்பது வெப்பத்தின் அலகு. ஒரு கிலோ நீரின் வெப்பநிலையை ஒரு டிகிரி செல்சியஸ் உயர்த்தத் தேவையான வெப்பமே உணவுப் பொட்டலங்களிலும் கடிகாரங்களிலும் கலோரி என்று குறிக்கப்படுவது. இயற்பியலார் அதைக் கிலோகலோரி என்பர். உடலில் கலோரி ‘எரிகிறது’ என்ற வழக்குக்குப் பின்னால் ஓர் உண்மையான நெருப்பு ஆராய்ச்சி உண்டு. 1782-83ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் பாரிசில் அறிவியலாளர் லவோசியேயும் லாப்லாசும் பனிக்கட்டி சூழ்ந்த ஒரு கலத்துக்குள் கினிப் பன்றி ஒன்றை வைத்து, அதன் உடல்வெப்பத்தால் எவ்வளவு பனி உருகியது என்பதையும், அது வெளிவிட்ட கரியமில வாயுவின் அளவையும், அதே அளவு வாயுவைத் தரும் கரி எரிந்தால் உருகும் பனியையும் ஒப்பிட்டு, மூச்சு என்பது மெதுவாக நிகழும் எரிதலே என்ற முடிவுக்கு வந்தனர். வயிற்றில் உணவைச் செரிக்கும் தீ ஒன்று உண்டென்று சாடராக்கினி என்ற பெயரால் நெடுங்காலமாகச் சொல்லிவந்த இந்திய மரபுக்கு இது வியப்பூட்டும் செய்தியன்று. தீயின் அளவைப் பனியின் உருக்கத்தால் கணித்ததே புதுமை. வெப்பம் எடையற்ற ஒரு பாய்மப் பொருள் என்று லவோசியே நம்பி அதற்குக் கலோரிக் என்று பெயரிட்டார். அந்தக் கொள்கை பின்னர் வீழ்ந்தது, அச்சொல்லின் வழிவந்த அலகுப் பெயர் மட்டும் எஞ்சியது. கலோரியை ஒரு பொருளைப் போலச் சேர்ப்பதாகவும் கரைப்பதாகவும் இன்றைய பேச்சு கருதுவதில் அந்தப் பழைய கொள்கையின் நிழல் இருக்கிறது.

உடலின் செலவை நேராக அறிய வேண்டுமானால், ஆளையே ஓர் அடைத்த அறைக்குள் வைத்து அவர் வெளியிடும் வெப்பத்தை அளக்க வேண்டும். அமெரிக்காவில் அட்வாட்டர் என்ற ஆய்வாளர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அத்தகைய அறை ஒன்றை அமைத்தார். அதைவிட எளிய வழி, மூக்கையும் வாயையும் மூடிய முகமூடியின் வழியே மூச்சை அளப்பது: உடல் ஒரு லிட்டர் ஆக்சிஜனைப் பயன்படுத்தும்போது ஏறத்தாழ ஐந்து கிலோகலோரி வெளிப்படுகிறது என்பதால், உள்வாங்கிய ஆக்சிஜனும் வெளிவிட்ட கரியமில வாயுவும் தெரிந்தால் செலவு தெரியும். 1949-இல் வீர் என்ற ஆய்வாளர் வகுத்த சமன்பாடே இன்றும் இதற்குப் பயன்படுகிறது. இம்முறைக்கு ‘மறைமுக’ வெப்ப அளவியல் என்று அறிவியலார் பெயரிட்டிருப்பது குறிப்பிடத்தக்கது. மூச்சை அளந்து வெப்பத்தைச் சொல்வதும் கருதலே என்பதை அப்பெயர் ஒளிக்காமல் ஒப்புக்கொள்கிறது.

கடிகாரம் மூச்சையும் அறியாது, வெப்பத்தையும் அறியாது. அதன் அடிப்புறத்திலிருந்து பச்சை ஒளி தோலுக்குள் பாய்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும் நாளங்களில் குருதி பெருகிக் குறைவதால் திரும்பும் ஒளி ஏறி இறங்குகிறது. அந்த ஏற்ற இறக்கத்தை ஓர் உணரி பதிவுசெய்கிறது. கையின் அசைவை மற்றோர் உணரி பதிவுசெய்கிறது. அணிபவர் தாமே தந்த வயது, பால், உயரம், எடை ஆகியவை இவற்றோடு சேர்கின்றன. ஒளியின் மாற்றத்திலிருந்து நாடித்துடிப்பு, துடிப்பிலிருந்து ஆக்சிஜன் நுகர்வு, நுகர்விலிருந்து வெப்பம் எனக் கருதலின் மேல் கருதலாக ஏறியே அந்த எண் திரைக்கு வருகிறது. ஆனால் திரையில் அது நேரத்துக்கு அருகில், அதே எழுத்தில், அதே உறுதியோடு நிற்பதால், காண்பவர் அதைக் காட்சி என்று கொள்கிறார். கருதல் காட்சியின் உடையை உடுத்திக்கொண்டு வருவதுதான் இங்குள்ள அடிப்படைக் குழப்பம். எண்ணிக்கைப் பிழை அதற்கு அடுத்தது.

பிழையின் அளவும் சிறியதன்று. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் 60 தன்னார்வலர்களை நடக்கவும் ஓடவும் மிதிவண்டி மிதிக்கவும் செய்து, ஏழு மணிக்கட்டுக் கருவிகளின் கணக்கை இதய மின்வரைவோடும் மூச்சு அளவீட்டோடும் ஒப்பிட்டு 2017-இல் வெளியிட்ட ஆய்வில், ஆறு கருவிகள் நாடித்துடிப்பை ஐந்து விழுக்காட்டுக்குட்பட்ட பிழையோடு சொல்லின. கலோரியில் மிகச் சிறந்த கருவியே சராசரியாக 27 விழுக்காடு பிழைத்தது, மிக மோசமானது 93 விழுக்காடு பிழைத்தது. உண்மையில் 400 கலோரி செலவிட்ட ஒருவருக்கு 292 என்றோ 508 என்றோ காட்டுவது, சிறந்த கருவியின் சராசரிப் பிழைக்குள் அடங்கும் என்பது இதன் பொருள். அந்த ஏழும் இன்று பழைய மாதிரிகள். ஆயினும் துடிப்பில் தேறிய கருவி கலோரியில் தவறியது ஏன் என்ற கேள்வி பழையதாகவில்லை. ஒரே கருவியில், ஒரே கையில், ஒரே வேளையில் முதற்படி உறுதியாகவும் மூன்றாம் படி தளர்வாகவும் இருப்பதற்குக் காரணம் உணரியில் இல்லை, படிகளுக்கு இடையில் இருக்கிறது.

இந்த இடத்தில் இந்தியத் தருக்க மரபான நியாயத்தின் நூலார் பெரிதும் உதவுகின்றனர். புகையைக் கண்டு நெருப்பைக் கருதுவது சரி. ஏனெனில் புகை உள்ள இடமெல்லாம் நெருப்பு உண்டு என்ற நீங்காத உடனிகழ்ச்சி இருக்கிறது, அதனை வியாப்தி என்பர். நெருப்பைக் கண்டு புகையைக் கருதுவதோ தவறு. பழுக்கக் காய்ந்த இரும்பில் நெருப்பு உண்டு, புகை இல்லை. நெருப்பு புகைய வேண்டுமானால் விறகு ஈரமாக இருக்க வேண்டும். சொல்லாமல் மறைந்து நின்று உடனிகழ்ச்சியைத் தாங்கும் இந்த ஈர விறகு போன்ற நிபந்தனைக்கு உபாதி என்று பெயர். நாடி விரைவதைக் கண்டு கலோரி மிகுதியாகச் செலவாகிறது என்று கருதும் கடிகாரத்தின் வாதத்திலும் ஓர் உபாதி ஒளிந்திருக்கிறது: தசைகள் உழைத்துக்கொண்டிருக்க வேண்டும். தசை உழைக்கும்போது துடிப்பும் ஆக்சிஜன் நுகர்வும் ஏறத்தாழச் சேர்ந்தே உயர்கின்றன. அச்சத்திலும் சினத்திலும், காபி குடித்த பின்னும், சித்திரை வெயிலில் வெறுமனே நிற்கும்போதும் இதயம் விரைகிறது, தசை உழைப்பதில்லை. நேர்முகத் தேர்வுக்குக் காத்திருப்பவரின் படபடப்பைக் கருவி உடற்பயிற்சியாகக் கணக்கிடக்கூடும் என்பது வேடிக்கையாகத் தோன்றலாம். தருக்க நூல் ஈராயிரம் ஆண்டுகளாக எச்சரித்துவரும் குற்றத்தின் வகைதான் அது. மறுபக்கமும் உண்டு. தள்ளுவண்டியை இறுகப் பிடித்துத் தள்ளுபவரின் மணிக்கட்டு அசைவதில்லை. தலையில் மூட்டை சுமந்து நடப்பவரின் நடையும் வெறுங்கையோடு நடப்பவரின் நடையும் அசைவை மட்டும் பதிவுசெய்யும் உணரிக்கு ஏறத்தாழ ஒன்றே.

மணிமேகலையின் இருபத்தொன்பதாம் காதையில் அறவண அடிகள் உரைக்கும் பௌத்த தருக்கம் காட்சி, கருதல் என்ற இரண்டையே அளவையாகக் கொண்டு, கருதலில் நேரும் குற்றங்களை விரிவாக வகுக்கிறது. கண்டது புகையா, ஆவியா, பனியா என்று ஐயுறும் நிலையிலேயே நெருப்பு உண்டென்று துணிவது அக்குற்றங்களுள் ஒன்று. அங்கே ஏதுவே, அதாவது கருதலுக்குக் காரணமாகக் காட்டப்படும் அடையாளமே, ஐயத்துக்கு உரியதாகிவிடுகிறது. அதுபோலவே கடிகாரப் பட்டை தளர்ந்திருக்கும்போதும் கை வீசி ஓடும்போதும் ஒளியின் ஏற்ற இறக்கம் குருதியால் வந்ததா அசைவால் வந்ததா என்பது கருவிக்குத் தெளிவாவதில்லை. சில வேளைகளில் அது காலடித் தாளத்தையே இதயத் தாளமாக எடுத்துக்கொள்கிறது. தோலின் கருநிறமி பச்சை ஒளியை உறிஞ்சும் என்பதால் கரிய தோலில் இந்த ஐயம் கூடுகிறது. மேற்சொன்ன ஸ்டான்ஃபோர்டு ஆய்விலும் கரிய தோலுடையோரிடம் துடிப்புப் பிழை மிகுந்திருந்தது.

அதே காதை, மலையில் நெருப்பு உண்டென்பதற்கு அடுக்களையைத் திட்டாந்தமாகக் காட்டுகிறது. திட்டாந்தம் என்பது ஏதுவும் முடிவும் சேர்ந்திருப்பதை முன்பே கண்டறிந்த இடம். அது இல்லாமல் கருதல் நிற்காது. கடிகாரத்தின் கருதலுக்கு அடுக்களை எது? ஓய்வில் இருக்கும் உடலின் அடிப்படைச் செலவு, நாள் முழுவதும் ஆகும் செலவில் பாதிக்கு மேற்பட்டது. அதை வயது, எடை முதலியவற்றிலிருந்து கணிக்கும் சமன்பாடுகள், எப்போதோ எங்கோ அளக்கப்பட்ட உடல்களிலிருந்து பிறந்தவை. 1985-இல் ஐ.நா. அமைப்புகள் ஏற்றுக்கொண்ட ஸ்கோஃபீல்டு சமன்பாடுகளின் தரவில் ஏறத்தாழப் பாதிப்பேர் இத்தாலியர். அச்சமன்பாடுகள் வெப்ப மண்டல மக்களின் அடிப்படைச் செலவை மிகைப்படுத்துகின்றன என்று 1991-இல் ஆய்வாளர் ஹென்றியும் ரீசும் சுட்டிக்காட்டிப் புதிய சமன்பாடுகளை முன்வைத்தனர். எந்தக் கடிகாரம் எந்தச் சமன்பாட்டைக் கையாள்கிறது என்பது வேறு செய்தி. எவருடைய அடுக்களையிலோ கண்ட புகையைக் கொண்டு மற்றொருவர் மலையில் நெருப்பைச் சொல்வது இச்சமன்பாடுகள் அனைத்துக்கும் பொதுவான இயல்பு.

அணிபவரின் பக்கத்திலிருந்து பார்த்தால் இந்த எண் கருதல்கூட அன்று. கருதல் கருவிக்குள் நிகழ்கிறது. அவருக்கு வந்து சேர்வது உரை. நியாய நூலாராகிய நையாயிகர் உரையையும் அளவையாக ஏற்பவரே, ஆயினும் எல்லோர் உரையையும் ஏற்பவரல்லர்: பொருளை உள்ளபடி அறிந்தவனும், அறிந்ததை அறிந்தவாறே சொல்ல விழைபவனும் ஆகிய ஆப்தனின் உரையே அளவை. கருவியைச் செய்யும் நிறுவனங்கள் தம் கணக்கு முறையைப் பெரும்பாலும் வணிக மறைபொருளாக வைத்திருக்கின்றன. பிறருக்கு உணர்த்தும் வாதம் மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு, உபநயம், நிகமனம் என்ற ஐந்து உறுப்புகளையும் உடையதாக இருக்க வேண்டும் என்று நியாயம் விதிக்க, கடிகாரமோ ‘உமக்கு 412 கலோரி செலவாயிற்று’ என்ற மேற்கோளை மட்டும் சொல்லி வாய் மூடிக்கொள்கிறது. 412 என்பதற்குப் பதிலாக ‘300-க்கும் 520-க்கும் இடையில் இருக்கலாம்’ என்று அது சொல்லியிருந்தால் ஆப்தனுக்கு ஒரு படி நெருங்கியிருக்கும். அப்படிச் சொல்லும் கடிகாரம் விற்குமா என்பது தத்துவக் கேள்வியன்று.

வேத விளக்க மரபினரான மீமாம்சகர் வேறொரு வழி காட்டலாம்: எழுந்த அறிவு, மறுக்கப்படும் வரை தானே மெய் என்பது அவர்கள் கொள்கை. அன்றாட வாழ்க்கை இக்கொள்கையால்தான் ஓடுகிறது, கடிகார எண்ணை நம்புவதும் இதனால்தான். நையாயிகர் இதை ஏற்பதில்லை. நீர் என்று கண்ட இடத்துக்குச் சென்று பருகித் தாகம் தணிந்தால்தான் அக்காட்சி மெய்யென்று உறுதியாகும், பயன் தரும் செயலே அறிவின் உரைகல் என்பர். கலோரி எண்ணை எச்செயலால் உரைத்துப் பார்ப்பது? அதை நம்பி உண்டவரின் எடை வாரக்கணக்கில் மாறும். அம்மாற்றத்தில் உடலில் தங்கிய நீரும், உணவில் தவறிய கணக்கும், உறக்கமும் கலந்திருக்கும். மேலும், பயிற்சியில் செலவாவது அடிப்படைச் செலவின்மேல் அப்படியே கூடும் என்று கருவி கொள்கிறது. தான்சானியாவில் வேட்டையாடியும் கிழங்கு அகழ்ந்தும் வாழும் ஹட்சா மக்கள் ஒரு நாளில் செலவிடும் ஆற்றல், உடலின் அளவுக்கு ஏற்ப ஒப்பிட்டால், மேலை நாட்டாருடையதினின்று வேறுபடவில்லை என்று போன்ட்சரும் உடனாய்வாளரும் 2012-இல் கண்டறிந்தனர். மிகுந்த உழைப்புக்கு ஈடாக உடல் வேறிடத்தில் சிக்கனம் செய்துகொள்கிறது என்பது போன்ட்சர் தரும் விளக்கம். அது முழுதும் சரியென்று எல்லோரும் ஒப்பவில்லை, எனினும் கூட்டல் கணக்கின் எளிமையை அது அசைத்துவிட்டது.

இவற்றால் அக்கருவி வீண் என்று ஆகாது. காட்சியைத் தவிர வேறு அளவையே இல்லை என்ற உலகாயதர் முடிவுக்குப் போனால் மருத்துவமும் இல்லை, வானியலும் இல்லை. நாடித்துடிப்பை அது சொல்லும்போது காட்சிக்கு அணுக்கமான கருதலாக ஏற்கலாம். ஒருவர் ஒரே பாதையில் ஒரே வேகத்தில் நடக்கும் நாள்களை ஒன்றோடொன்று ஒப்பிடவும் ஓரளவு கொள்ளலாம். இத்தனை கலோரி செலவாயிற்று, ஆகவே இத்தனை கலோரி உண்ணலாம் என்ற விதிக்கு அதனை அளவையாகக் கொள்வது தகாது. முன்னுண்டது செரித்ததா, பசி எழுந்ததா என்று பார்த்து உண்ணச் சொன்ன பழைய மருத்துவ நெறியும் துல்லியமானதன்று. ஆனால் அது தன்னைத் துல்லியமென்று காட்டிக்கொண்டதில்லை.

வெளியே இயல்பாக நடமாடும் மனிதரின் ஆற்றல் செலவை அறிய இன்று ஆய்வாளர் உரைகல்லாகக் கொள்வது, எடை மிகுந்த ஹைட்ரஜனும் எடை மிகுந்த ஆக்சிஜனும் கலந்த நீரைப் பருகச் செய்து, அவை உடலை விட்டு நீங்கும் வேகங்களின் வேறுபாட்டைச் சிறுநீரில் பார்ப்பது. அதற்கு ஒன்று முதல் இரண்டு வாரங்கள் பிடிக்கும். அதுவும் அத்தனை நாளுக்குரிய சராசரியைத்தான் தருமே தவிர, இன்று காலை நடந்த நடைக்கு எத்தனை கலோரி என்று சொல்லாது.