இடித்துரையும் வசைச்சொல்லும்

திருப்பெரும்புதூருக்கும் ஓரகடத்துக்கும் இடைப்பட்ட சாலைகளில், பணிமுறை மாறும் வேளைகளில், தொழிற்சாலைப் பேருந்துகள் வரிசையாகச் செல்வதைக் காணலாம். உள்ளே அமர்ந்திருக்கும் இளைஞர்களில் பலர் தலைகுனிந்து கைபேசியில் விளையாடிக் கொண்டிருப்பர். அக்கருவியே இவ்வட்டாரத்தில் பொருத்தப்பட்டதாகவும் இருக்கக் கூடும். 2006 முதல் 2014 வரை இங்கு இயங்கிய நோக்கியா ஆலையைப் பலர் மறந்திருக்க மாட்டார்கள். அந்நிறுவனத்தின் கைபேசியில் 1997இல் நுழைந்த பாம்பு விளையாட்டில், பாம்பு தன் உடலிலேயே மோதி மடிந்தால் ஆடியவன் தன்னையே நொந்துகொள்வான். ஆக்கியவன் யாரென்று அவனுக்குத் தெரியாது. இன்று நிலைமை வேறு. ஒரு விரல் அழுத்தத்தில் ஆக்கியவனுக்கு மதிப்பெண் இடலாம். அடுத்த அழுத்தத்தில் அவனைக் கொல்வேன் என்றும் எழுதலாம்.

பொருளைச் செய்தவனிடம் குறையை எடுத்துச் சொல்ல அதை வாங்கியவனுக்கு உரிமை உண்டு. இதில் எவருக்கும் ஐயமிராது. அந்த உரிமை எதுவரை செல்லும் என்பதில்தான் சிக்கல். பணம் கொடுத்தோம், வாக்குறுதியை நம்பினோம், ஏமாற்றப்பட்டோம், ஆகவே எதையும் சொல்லலாமா?

‘நோ மேன்ஸ் ஸ்கை’ என்னும் விளையாட்டின் வரலாறு இவ்வினாவைக் கூர்மையாக்குகிறது. இங்கிலாந்தின் கில்ட்ஃபோர்டு நகரிலுள்ள ஹெலோ கேம்ஸ் என்னும் சிறு குழு அதை உருவாக்கியது. 2016 மே மாதத்தில், வெளியீடு சில வாரங்கள் தள்ளிப்போகும் என்று அறிவித்ததற்கே அதன் தலைவர் ஷான் மரேக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. ஆகஸ்டில் விளையாட்டு வெளிவந்தபோது, பலரும் சேர்ந்து ஆடலாம் என்று எதிர்பார்த்தவர்கள் அந்த வசதி இல்லாததைக் கண்டு கொதித்தனர். அக்கொதிப்பு நியாயமானதே. ஆனால் கொதிப்புக்கும் மிரட்டலுக்கும் நடுவில் அகப்பட்ட அக்குழு பல மாதங்கள் வாய் திறக்கவில்லை. வசையின் முதல் விளைவு இது: கேட்க வேண்டியவனின் காதை அது அடைத்துவிடுகிறது. குறையை ஒழுங்காக எழுதியவனின் கடிதமும் வசைமழையில் நனைந்து எழுத்தழிந்து போகிறது. ஆக்கியவனுக்குச் செய்யும் தீங்கை விட, உண்மையான முறையீடு வைத்திருக்கும் சக ஆட்டக்காரனுக்கு வசைபாடுகிறவன் செய்யும் தீங்கு பெரிது என்பேன்.

நம் நாட்டிலும் இது நிகழ்ந்தது. 2020 செப்டம்பரில் பப்ஜி தடைசெய்யப்பட்ட பின், 2021 குடியரசு நாளில் ‘ஃபௌஜி’ என்னும் இந்திய விளையாட்டு வெளிவந்தது. சில நாள்களிலேயே அதன் மதிப்பெண் சரிந்தது. அதில் குறைகள் இருந்தன. தனியாக ஆடும் கதைப்பகுதி மட்டுமே அப்போது கிடைத்தது. ஆயினும் ஒற்றை நட்சத்திரம் இட்டவர்களில் எத்தனை பேர் அக்குறையைச் சுட்டினர், எத்தனை பேர் அது பப்ஜி அன்று என்பதற்காகவே தண்டித்தனர் என்று எண்ணைப் பார்த்து எவரும் பிரித்துச் சொல்ல இயலாது.

அப்படியானால் மென்மையாகச் சொல்வதே நன்று என்று முடிவுகட்டலாமா? இங்குதான் பலர் வழி தவறுகின்றனர். கடுமை வேறு, பகைமை வேறு. வள்ளுவர் இடித்துரைப்பதை நட்பின் கடமைகளுள் வைத்ததை மறக்க வேண்டாம். இதற்கான சான்றுக்கு நாம் கில்ட்ஃபோர்டு வரை போக வேண்டியதில்லை, ஓரகடத்திலேயே இருக்கிறது.

நிசானின் ஓரகடம் ஆலையில் உருவான டட்சன் கோ 2014 மார்ச்சில் விற்பனைக்கு வந்தது. அதே ஆண்டு நவம்பரில் குளோபல் என்கேப் என்னும் அமைப்பு அதை மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதவைத்துச் சோதித்தது. முன்னிருக்கையில் அமரும் பெரியவர்களின் பாதுகாப்புக்குக் கிடைத்த நட்சத்திரங்கள் சுழியம். கூடு உறுதியற்றது; காற்றுப்பையைப் பொருத்தினாலும் பயனிராது என்று அவ்வமைப்பு கூறியது. அதன் தலைவர் மேக்ஸ் மோஸ்லி, நிசானின் தலைவர் கார்லோஸ் கோனுக்கே கடிதம் எழுதி, அக்காரை விற்பனையிலிருந்து விலக்கிக் கொள்ளுமாறு கேட்டார். இதைவிடக் கடுமையான தீர்ப்பு ஒரு பொருளுக்கு வர முடியுமா? ஆனால் அதில் வசை இல்லை. எந்த வேகம், எந்தப் பகுதி, என்ன ஆயிற்று என்பதெல்லாம் இருந்தன. பொறுப்புள்ளவரின் முகவரியும் இருந்தது. ஆலையில் கதவைப் பொருத்திய தொழிலாளியை அது சுடவில்லை.

நிறுவனம் அளித்த மறுமொழி, இந்தியச் சட்டத்தின் தேவைகளை இக்கார் நிறைவேற்றுகிறது என்பதே. அது பொய்யன்று, அன்றைய சட்டம் அவ்வளவுதான் கேட்டது. புதிய மாதிரிகளுக்கு மோதல் சோதனை கட்டாயமானது 2017 அக்டோபரில். இடைப்பட்ட ஆண்டுகளில் அக்கார்களில் ஏறியவர்கள் நம்மவர்களே. எனவே, ஒழுங்காகச் சொன்னால் கேட்பார்கள் என்று இளைஞர்களிடம் நாம் எளிதில் கூறிவிட முடியாது.

2021 டிசம்பரில் நிகழ்ந்ததை எண்ணிப் பார்ப்போம். திருப்பெரும்புதூர் அருகே ஐபோன்களைப் பொருத்தும் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள், தாங்கள் தங்கியிருந்த விடுதி உணவால் நோயுற்றனர். 150க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். நோயுற்ற தோழியரைப் பற்றி உறுதியான செய்தி கிடைக்காத நிலையில், சிலர் இறந்துவிட்டதாக வதந்தி பரவியது. அது உண்மையன்று. எனினும் நெடுஞ்சாலையில் இரவு முழுதும் அமர்ந்த அப்பெண்கள் கேட்டவை பொய்யல்ல: நல்ல உணவு, தகுந்த தங்குமிடம். விடுதிகளும் உணவுக்கூடங்களும் தன் தரத்துக்கு உரியனவாக இல்லை என்று அம்மாத இறுதியில் ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டது. ஆலை மீண்டும் திறந்தது 2022 ஜனவரி 12 அன்று.

சாலை மறியல் மென்மையான செயலா? இல்லை. பகைமையா? அதுவும் இல்லை என்றே நான் கருதுகிறேன். அவர்கள் எவர் அழிவையும் கேட்கவில்லை. திருத்தக் கூடியதையே கேட்டனர். திருந்தினால் திரும்பி வர ஆயத்தமாக இருந்தனர். குரலின் உயரத்தை அளந்து பகைமையைக் கண்டுபிடிக்க முடியாது. ‘நீ செத்துப்போ’ என்று ஆக்கியவனுக்கு எழுதுகிறவனிடம், அவன் எதைச் செய்தால் நிறைவடைவாய் என்று கேட்டுப் பாருங்கள், விடை இராது. அச்சொல்லைக் கொண்டு எந்தப் பொறியாளரும் எதையும் பழுதுபார்க்க முடியாது. அது பெரும்பாலும் சென்று சேர்வதும் முடிவெடுத்தவரிடம் அன்று. கடிதங்களைப் படிக்க அமர்த்தப்பட்ட, பெயர் தெரியாத இளம் ஊழியரிடம்.

ஆக்கியோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வசைபாடுகிறவர்கள் சிலர் இருப்பதையே கேடயமாக்கி, முறையீடுகள் அனைத்தையும் ‘வெறுப்பு’ என்று ஒதுக்குவது இப்போது சில நிறுவனங்களுக்கு வாடிக்கையாகிவிட்டது. உப்பு கூடிவிட்டது என்று சொன்னவரைச் சாப்பாட்டின் பகைவர் என்று சமையற்காரர் சொல்வது போன்றது இது. மிரட்டல்களை விலக்கிவிட்டு மீதியைப் படிக்கும் உழைப்பு ஆக்கியவருடையது. அதற்கும் சேர்த்துத்தான் அவர் விலை பெறுகிறார்.

ஹெலோ கேம்ஸ் குழுவினர் அந்த உழைப்பை ஏற்றனர். 2016 நவம்பரில் தொடங்கி, கட்டணமின்றித் திருத்தங்களை அடுத்தடுத்து வெளியிட்டனர். இல்லாதிருந்த கூட்டு ஆட்டம் 2018 ஜூலையில் முழுமையாக வந்தது. 2019இல் ஆட்டக்காரர்கள் தமக்குள் பணம் திரட்டி, அவர்களது அலுவலகத்தின் அருகே நன்றி கூறும் விளம்பரப் பலகை ஒன்றை வைத்தனர்.

ஓரகடத்திலும் ஒரு தொடர்ச்சி உண்டு. அங்கு உருவாகும் ரெனோ குவிட் 2016 மே மாதத்தில் சுழியம் பெற்றது. கூட்டை வலுப்படுத்தி, ஓட்டுநருக்குக் காற்றுப்பை வைத்து அனுப்பிய வண்டி அதே ஆண்டு செப்டம்பரில் மீண்டும் மோதவைக்கப்பட்டது. அதற்கு ஒரு நட்சத்திரம் கிடைத்தது. சோதித்தவர்கள் முன்னேற்றத்தை வரவேற்றனர். இது போதாது என்றும் அதே மூச்சில் கூறினர்.