எட்டாம் கட்டளையும் ஆய்வக ஏடும்

கணிப்பொறிப் பொறியியல் பயிலும் இளநிலை மாணவர் ஒவ்வொரு பருவத்திலும் ஆய்வக ஏடு ஒன்றை எழுதி முடிக்க வேண்டும். ரெக்கார்டு நோட்டு என்பது மாணவர் வழக்கு. பயிற்சியின் நோக்கம், செய்முறை, நிரல், அந்நிரல் தந்த விடை ஆகியவற்றை அதில் எழுதி ஆசிரியரின் கையொப்பம் பெறுதல் வேண்டும். ஏட்டின் முதற் பக்கத்தில் ஒரு சான்றிதழ் உண்டு. இதிலுள்ள பணி இம்மாணவர் மெய்யாகவே செய்து முடித்தது எனக் கல்லூரி அங்கே உறுதி கூறுகிறது. எவரும் நின்று படிக்காத பக்கம் அது.

அத்தகைய ஆய்வகம் ஒன்றில் பல ஆண்டுகள் பணியாற்றிய நாம், ஒருமுறை இரண்டாமாண்டு வகுப்பின் 38 ஏடுகளைத் திருத்த அமர்ந்தோம். எண்களைக் கிளைவிட்ட மரம்போல் அடுக்கி, வேண்டாத எண்ணை அம்மரத்தினின்று நீக்குவது பயிற்சி. 38 ஏடுகளிலும் ஒரே நிரல். அதில் ஒரே பிழை. மரத்தின் வேரிலுள்ள எண்ணை நீக்கச் சொன்னால் அந்நிரல் பாதியில் நின்றுவிடும். ஆனால் 38 ஏடுகளிலும் வேர் நீங்கி மரம் செம்மையாக மாறியமைந்த விடை ஒட்டப்பட்டிருந்தது. இயங்காத நிரலுக்கு இயங்கிய விடை! வரவேண்டிய விடையை எவரோ ஒருவர் தாமே தட்டச்சுச் செய்திருக்க, ஏனையோர் அதனைப் பெயர்த்து எழுதியிருந்தனர். ஆங்கிலச் சொல் ஒன்றில் அவர் விட்டுவிட்ட ஓர் எழுத்து எல்லா ஏடுகளிலும் விடுபட்டே இருந்தது.

மாணவர் ஒருவரை அழைத்து வினவினோம். கடலோரச் சிற்றூர் ஒன்றிலிருந்து வந்தவர். நம் பங்கு ஆலயத்தில் ஞாயிறுதோறும் காணும் முகம். "நான் யார்கிட்டயும் திருடலையே சார். அவனாத்தான் கொடுத்தான். அவனுக்கு ஒண்ணும் குறைஞ்சு போகலையே" என்றார். குரலில் துடுக்கு இல்லை. உண்மையான வியப்பே இருந்தது.

அவருடைய வாதத்தை எளிதில் தள்ளிவிட இயலாது. களவைத் தடைசெய்யும் ஏழாம் கட்டளையை வைத்துப் பார்த்தால், இங்கே பொருளை இழந்தவர் எவருமில்லை. ஒரு விளக்கிலிருந்து மற்றொரு விளக்கை ஏற்றினால் முதல் விளக்கின் ஒளி குன்றுவதில்லை. மேலும் இத்துறையே பகிர்தலால் வளர்ந்தது. 1983-ல் ரிச்சர்ட் ஸ்டால்மன் குனூ திட்டத்தை அறிவித்ததும், 1991-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் பின்லாந்து மாணவர் லினக்ஸின் கருவை வெளியிட்டதும், எவரும் எடுத்தாளலாம் என்னும் கொள்கையினால் அன்றோ பெரும்பயன் விளைத்தன? பிறர் எழுதிய நிரலை எடுத்தாளாத பொறியாளர் இன்று எவருமிலர். எடுத்தல்தான் குற்றமெனில் தொழில் முழுவதுமே குற்றமாகிவிடும்.

ஆகவே நாம் அடுத்த கட்டளைக்குச் செல்ல வேண்டியிருக்கிறது. எட்டாம் கட்டளை பொய்ச்சான்றைத் தடைசெய்வது. சான்று என்பது பிறரை நம்பச் செய்யும் சொல். தாம் காணாத ஒன்றை, கண்டவரின் சொல்லை நம்பி ஒருவர் ஏற்றுக்கொள்கிறார். அப்படியானால் அந்த ஏட்டின் பொய்யை நம்பியவர் யார்? உடன் பயில்வோர்க்கு உண்மை தெரியும். ஆசிரியர்க்கும் தெரியும். தேர்வாளரும் ஊகித்திருப்பார். எல்லாருக்கும் தெரிந்த பொய் யாரைத்தான் ஏமாற்றும்? இக்கேள்வியே பல மாணவரின் மனச்சான்றைத் தூங்கவைக்கிறது என்பது நம் கருத்து. ஏமாற்றப்படுகிறவர் அந்த அறையில் இல்லை என்பதே அதற்கு விடை. அந்தச் சான்று பட்டமாக மாறி வெளியே செல்லும். இம்மாணவரை ஒருநாளும் கண்டிராத ஒருவர், அவர் எழுதிய நிரலின்மீது தம் உடலையே கிடத்த நேரும்.

இது மிகைக்கூற்று அன்று. தெராக்-25 என்பது புற்றுநோயாளருக்குக் கதிர்வீச்சு அளிக்கும் கருவி, கனடாவில் செய்யப்பட்டது. 1985 சூன் முதல் 1987 சனவரி வரை அமெரிக்காவிலும் கனடாவிலுமாக ஆறு நோயாளர்க்கு அது அளவுக்கு மிக மிஞ்சிய கதிர்வீச்சைச் செலுத்தியது. சிலர் அதனாலேயே மாண்டனர். 1986-ல் டெக்சாஸ் மாநிலத்து டைலர் நகர மருத்துவமனையில், கருவியை இயக்கியவர் ஓர் எழுத்தைத் தவறாகத் தட்டி உடனே திருத்தினார். அவர் விரல்களின் விரைவுக்கு நிரல் ஈடுகொடுக்கவில்லை. திரை காட்டியது ஒன்று, கருவி செய்தது மற்றொன்று. "செயற்கோளாறு 54" என்று மட்டும் திரை அறிவித்தது. அதன் பொருளைக் கையேடு விளக்கவில்லை. அவர் மீண்டும் பொத்தானை அழுத்தினார்.

நாம் கருத வேண்டியது இதன் பின்னணியை. அந்நிரலின் பகுதிகள் முந்தைய கருவிகளின் நிரல்களிலிருந்து எடுத்தாளப்பட்டவை. முந்தைய தெராக்-20 கருவியிலும் அதே பிழை இருந்தது. ஆயினும் நிரலைச் சாராத தடுப்பமைப்புகள் அங்கே நோயாளரைக் காத்துநின்றன. பிழை எவர் கண்ணிலும் படவில்லை. புதிய கருவியிலோ அத்தடுப்புகளை நீக்கிவிட்டு, முன்பு நன்றாக இயங்கியதென்று நிரலையே நம்பினர். 1996 சூன் 4 அன்று பிரெஞ்சு கயானாவிலிருந்து எழுந்த ஏரியன் 5 ஏவுகலம் சுமார் 40 நொடிகளில் சிதறியதும் ஏறத்தாழ இவ்வாறே: ஏரியன் 4-க்காக எழுதப்பட்ட பகுதியொன்று, விரைவு மிகுந்த புதிய கலத்தின் எண்ணைத் தன் 16 இருமக் கட்டத்துள் அடக்க இயலாமல் நிலைகுலைந்தது. நல்லவேளையாக அதில் மனிதர் எவருமிலர். இவற்றைச் செய்தவர்களை வஞ்சகர் என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. எடுத்ததனால் அன்று, எடுத்ததை அறியாமல் அதற்குப் பிணைநின்றதனால் கேடு வந்தது என்பதே நாம் காண்பது.

இனி, நிரலைக் கொடுத்த நண்பரைப் பற்றி. அவர் இரக்கத்தால் கொடுத்தார். ஏடு முடியாவிட்டால் செய்முறைத் தேர்வில் அமர முடியாது. அமராவிட்டால் நிலுவைத் தாள். அதற்கப்பால் அடகிலிருக்கும் அன்னையின் நகையும் வங்கிக் கடனும் நிற்கின்றன. பிறர்க்குத் தீங்கற்ற நன்மை விளையுமானால் வள்ளுவர்கூட வாய்மை அதிகாரத்தில் பொய்க்கு இடந்தருகிறாரே என்று அந்நண்பர் கேட்கக்கூடும். புனித தோமா அக்குவினாரோ பொய்யை வேடிக்கைப் பொய், உதவிப் பொய், கேடு சூழும் பொய் என வகுத்து, உதவிப் பொய்யின் குற்றம் குறைவு என ஒப்புக்கொண்டும் அதனைக் குற்றமற்றது எனக் கூற மறுக்கிறார். இவ்விரு பெரியோரிடையே நடுவராக அமர நமக்குத் தகுதியில்லை. ஆனால் வள்ளுவர் விதித்த நிபந்தனையே இங்கு நிறைவேறவில்லை என்று எண்ணுகிறோம். உதவிபெற்ற மாணவருக்கே அது தீங்காயிற்று. அறியாமை ஒரு பருவம் தள்ளிப்போடப்பட்டது, வட்டியுடன்.

இதனைச் சொல்லும்போதே நமக்குத் தயக்கமும் எழுகிறது. தமிழ்வழிப் பள்ளியிலிருந்து வரும் பிள்ளைக்கு முதற்பருவம் எத்தகைய சுவர் என்பதை நாம் கண்டிருக்கிறோம். 2010-ல் அண்ணா பல்கலைக்கழகம் தமிழ்வழிப் பொறியியலைத் தொடங்கியபோதும் கட்டுமானவியலும் இயந்திரவியலுமே அதில் இடம்பெற்றன, கணிப்பொறியியல் இல்லை. நம் மொழியில் நிபந்தனை வினையின் கடைசியில் ஒட்டி வரும்: பெய்தால், வந்தால். நிரல்மொழியிலோ "இஃப்" முதலில் வந்து நிற்கும். சிறு செய்திதான். ஆயினும் எவரும் சொல்லித்தராத சிறு செய்திகள் நூறு சேர்ந்தால், மாணவர் புரிந்துகொள்வதை விட்டுப் பார்த்தெழுதத் தொடங்குகிறார். அவர் பொய் சொன்னார் என்பது மெய். பொய்யின்றி நிற்க நாம் அவருக்கு இடம் தந்தோமா என்பதும் கேட்கப்பட வேண்டும்.

இன்று நண்பரும் தேவையில்லை. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்தபின், கேட்ட நொடியில் நிரல் வந்து நிற்கிறது. பெரும்பாலும் பிழையின்றியும் வருகிறது. இனி எதற்கு மண்டையை உடைத்துக்கொள்வது என்று மாணவர் கேட்கின்றனர். இவ்விடத்தில் இயேசு சபை அருட்தந்தை ரொபர்த்தோ பூசா நம் நினைவுக்கு வருகிறார். 1949-ல் அவர் நியூயார்க் சென்று ஐபிஎம் நிறுவனத் தலைவர் தாமஸ் வாட்சனைச் சந்தித்து, அக்குவினாரின் நூல்களுக்குச் சொல்லடைவு தயாரிக்கப் பொறியின் உதவியைக் கேட்டார். ஒரு கோடிச் சொற்களுக்கு மேற்பட்ட அப்பணி நிறைவுபெற ஏறத்தாழ 30 ஆண்டுகள் ஆயின. ஆனால் பொறியிடம் செல்லுமுன்னே, தம் முனைவர் ஆய்வுக்காக, "உள்" எனப் பொருள்படும் சிறிய இலத்தீன் சொல் ஒன்று வரும் வாக்கியங்களை 10,000 அட்டைகளில் தம் கையாலேயே எழுதியிருந்தார். எதைப் பொறியிடம் ஒப்படைக்கிறோம் என்பதை அவருடைய விரல்கள் அறிந்திருந்தன. பொறி தவறினால் தவறென்று சொல்ல அவரால் இயலும். இருபது வயதில் அத்தகைய 10 அட்டைகளையேனும் எழுதாதவர், பின்னாளில் எதைக்கொண்டு சொல்வார்?

அந்த 38 ஏடுகளுக்கு வருவோம். அவற்றில் கையொப்பமிட்டோம் என்பதை இதுவரை சொல்லாமல் வந்திருக்கிறோம். செய்முறைத் தேர்வுக்கு நான்கு நாளே இருந்தது. கையொப்பம் இல்லாத ஏட்டுடன் எவரும் தேர்வறைக்குள் நுழைய முடியாது. 38 குடும்பங்களை எண்ணினோம். கல்லூரியின் பெயரையும் எண்ணினோம். எதை முதலில் எண்ணினோம் என்பது நமக்கும் இறைவனுக்கும் தெரியும். மாணவரிடம் எட்டாம் கட்டளையைப் பேசிய அதே மாலையில், முதற் பக்கத்துச் சான்றிதழின் அடியில் 38 முறை நம் பெயரை எழுதினோம்.

இரண்டு நாள் கழித்து, வகுப்பு கலைந்தபின், அந்தக் கடலோர மாணவர் ஆய்வகத்துக்கு வந்தார். நிரல் ஏன் நிற்கிறதென்று பார்க்க வேண்டும் என்றார். "உட்காருங்க தம்பி" என்றோம். மரத்தைத் தாளில் வரைந்து, ஒவ்வொரு வரியாக விரல்வைத்துப் படித்தார். விளக்கேற்றும் நேரமாயிற்று. வேருக்கு மேலே தாய்க்கணு கிடையாது. நிரலோ இல்லாத தாயைத் தேடிப்போய் நின்றது. தாமே கண்டுபிடித்து, இரண்டு வரிகளைச் சேர்த்து இயக்கினார். மரம் மாறியமைந்தது.

புதிய தாளை ஏட்டில் ஒட்டலாமா என்று கேட்டவர், பக்கத்தைத் திருப்பியதும் தயங்கினார். "நீங்க ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுட்டீங்களே சார்?"

சிவப்பு மையால் நம் கையொப்பத்தின் குறுக்கே ஒரு கோடு இழுத்து, புதிய தாளின் அடியில் அன்றைய தேதியிட்டு மீண்டும் எழுதினோம். மற்ற 37 ஏடுகளும் அப்போது அலமாரியில் இருந்தன.