பச்சை குத்தித் தருமம் செய்யலாமா?

திருப்பாச்சூரிலிருந்து காக்களூர்த் தொழிற்பேட்டைக்கு நாள்தோறும் வேலைக்குச் சென்று வரும் நம் சமுதாய இளைஞர் ஒருவர் அண்மையில் நம்மிடம் ஒரு கேள்வி கேட்டார். உடன் வேலை செய்யும் நண்பர் சென்னைக்குப் போய் முன்கையில் பச்சை குத்திக்கொண்டு வந்தாராம். அன்று வசூலாகும் பணம் முழுவதும் நோயுற்ற குழந்தைகளின் சிகிச்சைக்கே போய்ச் சேரும் என்று கடைக்காரர் சொன்னாராம். "குத்துகிறவர் கூலி எடுக்கவில்லை, குத்திக்கொள்கிறவர் வலியைத் தாங்கிப் பணமும் கொடுக்கிறார். எல்லாம் ஏழைக்குப் போகிறது. இதையும் ஹராம் என்றுதான் சொல்வீர்களா?" என்றார்.

கேள்வியில் நேர்மை இருந்தது. ஆகவே, 'கூடாது' என்ற ஒரு சொல்லில் அவரை அனுப்பிவிட நமக்கு மனம் வரவில்லை.

பச்சை குத்துவது நம் நாட்டுக்குப் புதிதன்று. குறத்திப் பெண்கள் ஊசியோடும் கரிமையோடும் தெருத்தெருவாக வந்து, தேள், கோலம், கணவன் பெயர் எனக் குத்திவிட்டுத் தவசமும் பழஞ்சேலையும் பெற்றுச் சென்றதை நம் பாட்டிமார்கள் கண்டிருக்கிறார்கள். அது அப்பெண்களின் வயிற்றுப் பிழைப்பு. அதற்குத் தருமம் என்று எவரும் பெயரிட்டதில்லை. தருமத்திற்காகப் பச்சை குத்துவதுதான் புதிது.

இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் நடந்ததை இங்கே நினைவுகூர வேண்டும். 2017 மே 22ஆம் நாள் அந்நகரின் இசையரங்கு ஒன்றில் குண்டு வெடித்தது. குழந்தைகள் உட்பட 22 அப்பாவிகள் மாண்டனர். குண்டைச் சுமந்து சென்றவன் முஸ்லிம் பெயரைத் தாங்கியவன் என்பதைச் சொல்ல நாம் வெட்கப்படுகிறோம், ஆயினும் மறைக்கமாட்டோம். ஓர் உயிரை அநியாயமாகக் கொன்றவன் மனித குலம் முழுவதையும் கொன்றவனைப் போன்றவன் என்பது அல்மாயிதா அத்தியாயத்தின் கருத்து. அவனுக்கு நம் மார்க்கத்தில் இடமில்லை.

அதன்பின் அந்நகரத்துப் பச்சை குத்துவோர் ஒன்றுகூடி, 50 பவுண்டு கொடுப்பவருக்கு ஒரு தேனீயின் உருவத்தைக் குத்திவிட்டு, அப்பணத்தைப் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கான நிதியில் சேர்த்தனர். தேனீ அந்த ஆலை நகரத்தின் உழைப்புக்கு அடையாளம். 1842இல் வழங்கப்பெற்ற நகரச் சின்னத்திலேயே தேனீக்கள் உண்டு. மக்கள் நீண்ட வரிசையில் காத்திருந்து குத்திக்கொண்டனர். முன்பின் அறியாதவரின் துயருக்காகத் தம் உடலில் வலியை ஏற்ற அவர்களின் இரக்கத்தை நாம் இழிவாகப் பேச முடியுமா? முடியாது.

இரக்கம் நல்லது. ஆனால் வழி?

பச்சை குத்துபவளையும் குத்திக்கொள்பவளையும் நபி (ஸல்) அவர்கள் சபித்தார்கள் என இப்னு உமர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் உள்ளது. அல்லாஹ்வின் படைப்பை மாற்றுமாறு மனிதனை ஏவுவேன் என்று ஷைத்தான் சூளுரைத்ததை அன்னிஸா அத்தியாயம் கூறுகிறது. நல்ல நிய்யத்து, ஆகுமான செயலை வணக்கமாக உயர்த்தும். விலக்கப்பட்டதை ஆகுமானதாக மாற்றாது. களவாடிய அரிசியில் கஞ்சி காய்ச்சி நோன்பாளிக்கு ஊற்றினால், நோன்பாளியின் பசி தீரும், களவு தீருமா? அல்லாஹ் தூயவன், தூய்மையானதையே ஏற்கிறான் என்பது நபிமொழியின் கருத்தல்லவா?

அப்படியானால் அப்பணத்தில் மருந்து வாங்கிய நோயாளியும் குற்றவாளியா என்றால், இல்லை. ஈட்டிய முறையின் பழி ஈட்டியவரோடு நிற்கும். தேவையுள்ள ஏழையின் மேல் அது ஏறாது.

அதே மான்செஸ்டரில் அதே இரவில் வேறொன்றும் நடந்தது. வீடு திரும்ப வழியின்றித் தவித்தவர்களை வாடகைக்கார் ஓட்டிகள் பலர் கட்டணம் வாங்காமல் ஏற்றிச் சென்றனர். அவர்களில் முஸ்லிம்களும் இருந்தனர். அந்தத் தருமத்தின் அடையாளம் எவர் தோலிலும் இல்லை. வலக்கை கொடுப்பதை இடக்கை அறியாதவாறு கொடுப்பவருக்கு அர்ஷின் நிழல் உண்டு என்று நாயகம் (ஸல்) அவர்கள் நற்செய்தி கூறியது இத்தகைய தருமத்திற்கன்றோ!

இவ்வளவும் சொல்லி முடித்தபோது அந்த இளைஞர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு பள்ளிவாசலின் மேற்கூரையைச் சுட்டிக் காட்டினார். மின்விசிறியின் மூன்று இறக்கைகளிலும் 'அன்பளிப்பு' என்று எழுதி, கொடுத்தவரின் பெயரும் தகப்பனார் பெயரும் தீட்டப்பட்டிருந்தன. சுவர்க் கடிகாரத்திலும் ஒரு பெயர். "இதுவும் பச்சை குத்துவதுதானே, ஹஜ்ரத்?" என்றார்.

நமக்கு விடை சொல்ல நா எழவில்லை.

பெயர் எழுதுவது பச்சை குத்துவதைப் போல் விலக்கப்பட்டதன்று. வெளிப்படையாகக் கொடுப்பதும் நன்றே. மறைத்து ஏழைக்குக் கொடுப்பது அதனினும் மேல் என்றுதான் அல்பகரா அத்தியாயம் போதிக்கிறது. ஆனால் உள்ளத்தின் நோய் ஒன்றே. கொடுத்ததற்கு ஓர் அடையாளம் வேண்டும் என்ற ஆசை அவருக்குத் தோலில். நமக்கு மின்விசிறியில், சலவைக்கல்லில், ஒலிபெருக்கியில். அவர் வலியையாவது தாங்கினார். பிறர் கையிலுள்ள தேனீயைக் குறை கூறுமுன் நம் வீட்டுத் தருமத்தை நாம் எண்ணிப் பார்க்க வேண்டாமா?

ஊசிதான் வேண்டுமென்றால் அதற்கும் ஆகுமான வழி உண்டு. இரத்த தானம் செய்யுங்கள். இரத்தத்திற்கு விலை பெறுவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்த அதே அறிவிப்பில்தான் பச்சை குத்துதலின் சாபமும் வருகிறது. அறிவிப்பவர் அபூஜுஹைஃபா (ரலி). நம் நாட்டிலும் கூலிக்கு இரத்தம் கொடுப்பது 1998 முதல் தடை செய்யப்பட்டிருக்கிறது. ஆகவே கொடுப்பது தருமமாகவே நிற்கும். 18 வயதான, உடல்நலமுள்ள ஆண் மூன்று மாதத்திற்கு ஒருமுறை கொடுக்கலாம். யாருக்குச் செல்கிறதென்று கொடுத்தவர் அறியார். யார் கொடுத்ததென்று பெற்றவர் அறியார். ஊசித் தழும்பும் சில நாளில் மறைந்துவிடும். பச்சை குத்திக்கொண்டவரிடமோ, ஊசிவழி நோய் தொற்றியிருக்கலாம் என்ற அச்சத்தால், பல மாதங்கள் இரத்தம் வாங்கமாட்டார்கள். ஒரு தருமத்தைச் செய்யப்போய் மற்றொரு தருமத்தின் வாசலை அடைத்துக்கொள்வது எத்துணைப் பேதைமை!

முன்பே அறியாமல் குத்திக்கொண்டவர்கள் மனம் தளர வேண்டாம். சிறுவயதில் பிறர் குத்திவிட்டிருந்தால் அவர்மேல் குற்றமில்லை. தானே விரும்பிக் குத்திக்கொண்டவர் வருந்தித் தவ்பா செய்யட்டும். தீங்கின்றி நீக்க முடிந்தால் நீக்கட்டும். உடலுக்குத் தீங்கு நேரும் என்ற அச்சம் இருந்தால் அப்படியே விட்டுவிடலாம் என்றே மார்க்கச் சட்ட நூல்கள் கூறுகின்றன. அத்தகையவரைத் தொழுகை வரிசையில் முகம் சுளித்துப் பார்ப்பது நமக்கு அழகன்று.

அடுத்த ஜும்ஆவில் பள்ளிக்குப் புதிதாக ஒரு மின்விசிறி வந்திருந்தது. இறக்கையில் எழுத்து ஒன்றும் இல்லை. கொடுத்தது யார் என்று நாம் விசாரிக்கவில்லை.

அடையாளம் தேடாமல் கொடுக்கும் கரங்களாக நம் கரங்களை அல்லாஹ் ஆக்கியருள்வானாக! ஆமீன்.