வயிற்றின் கட்டும் மனத்தின் கட்டும்

நோயுற்றவரைச் சென்று நலம் விசாரிப்பது, ஒரு முஸ்லிம் மற்றொரு முஸ்லிமுக்குச் செலுத்த வேண்டிய கடன்களுள் ஒன்றென அண்ணல் நபி (ஸல்) அவர்கள் எண்ணிச் சொல்லியிருக்கின்றார்கள். அக்கடனைச் செலுத்தவே நாமும் அண்மையில் கோவைக்குச் சென்றோம். ஆனால், நோயாளியை விசாரிக்கச் சென்ற நம்மை, அந்நோயாளியின் கேள்வி ஒன்று விசாரித்து அனுப்பிவிட்டது. அக்கேள்வியை வாசக அன்பர்கள் முன் வைத்து, நமக்குத் தோன்றிய விடையையும் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அவர் திருச்செங்கோட்டுக்காரர், சிறு பிராயத்தில் நம்மிடம் ஓதியவர். அவ்வூரில் பலருக்கு வாய்த்த தொழிலே அவருக்கும் வாய்த்தது. அதாவது, ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டித் தொழில். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் தம் மலையடிவாரத்தை விட்டுப் புறப்பட்டு, வெளி மாநிலங்கள் பலவற்றிலும் பாறையைத் துளைத்துத் தண்ணீர் காண்பவை. அத்தொழிலில் இரவென்றும் பகலென்றும் இல்லை. உணவுக்கும் உறக்கத்திற்கும் நேரமில்லை. தண்ணீர் வந்தால் மகிழ்ச்சிக்கு உண்பதும், வராவிட்டால் கவலைக்கு உண்பதுமாக இருபது ஆண்டுகள் சென்றன. நாற்பத்திரண்டாம் வயதில் அவர் எடை 148 கிலோ. சர்க்கரையும் இரத்த அழுத்தமும் சேர்ந்தன. உறக்கத்தில் மூச்சு அடைபட்டது. ஸஜ்தாவுக்குக் குனிய இயலாமல் நாற்காலியில் அமர்ந்து தொழலானார். உணவுக் கட்டுப்பாட்டை எத்தனையோ முறை தொடங்கி, எத்தனையோ முறை கைவிட்ட பின்னர், மருத்துவர்கள் சொற்படி இரைப்பையைச் சுருக்கும் அறுவைச் சிகிச்சைக்கு உடன்பட்டார்.

நாம் சென்றது மூன்றாம் நாள். அவர் கையில் மருந்து ஊற்றும் சிறு பிளாஸ்டிக் கிண்ணம் இருந்தது. அதில் முப்பது மில்லி தண்ணீர். அதனை ஒரே மடக்கில் அல்ல, சிறு சிறு மிடறாகக் கால் மணி நேரம் பருகிக்கொண்டிருந்தார். ஒரு காலத்தில் ஒரே அமர்வில் ஒரு தாலம் பிரியாணியை முடித்த மனிதர் அவர். கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: “ஹஜ்ரத், எனக்கு இப்பப் பசியே இல்லீங்க. பசியில்லாதவன் கொஞ்சமாச் சாப்பிட்டா, அதுக்கு அல்லாஹ்கிட்டக் கூலி உண்டுங்களா? நான் நஃப்ஸை ஜெயிக்கலீங்க ஹஜ்ரத். கத்திதான் ஜெயிச்சுது.”

நாம் உடனே விடை கூறவில்லை. கூற இயலாமற்போனதற்கு ஒரு காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன், ரமலான் இரவு ஒன்றில் பள்ளிவாசலில் நாம் பயான் செய்தபோது, வயிற்றுக்கு அடிமையாவோரைக் குறித்துச் சுவைபடப் பேசினோம். பெருத்த வயிறு நஃப்ஸின் அடிமைத்தனத்திற்கு அடையாளம் என்று சொல்லி, சபையைச் சிரிக்க வைத்தோம். அச்சபையில் நாற்காலியில் அமர்ந்திருந்தவர் அவர் ஒருவரே. சிரித்தவர்களின் கண்கள் எங்குத் திரும்பின என்பதை நாம் பார்த்தோம். பார்த்தும் பேச்சை நிறுத்தவில்லை. அதன்பின் அவர் நம் பயானுக்கு வந்ததில்லை. ஆகவே, அவர் கேட்ட கேள்வி நாம் சொல்லிக் கொடுத்த பாடத்திலிருந்தே பிறந்தது என்பதை அக்கட்டிலருகே உணர்ந்தோம்.

இனி, கேள்வியை ஆராய்வோம். இதனுள் மூன்று கேள்விகள் அடங்கியுள்ளன. இத்தகைய சிகிச்சை மார்க்கத்தில் ஆகுமானதா? ஆகுமெனில், அது மன உறுதியற்றவர் தேடும் குறுக்கு வழியா? கட்டாயத்தால் வந்த அளவுணவுக்கு நன்மை உண்டா?

முதற் கேள்விக்கு விடை காண்பது கடினமன்று. இறைவன் படைப்பை மாற்றுதல் ஷைத்தானின் தூண்டுதல் என்று திருமறையின் அந்நிஸா அத்தியாயம் எச்சரிப்பது உண்மையே. ஆனால் அழகுக்காக மாற்றுவது வேறு, நோய்க்காகச் சிகிச்சை செய்வது வேறு. போரில் மூக்கை இழந்த அர்ஃபஜா (ரலி) என்னும் தோழர் வெள்ளியால் மூக்குச் செய்து அணிந்து, அது துர்நாற்றம் கொண்டபோது, ஆண்களுக்கு விலக்கப்பட்ட பொன்னாலேயே மூக்குச் செய்துகொள்ள நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இசைவளித்த செய்தி அபூதாவூதிலும் திர்மிதீயிலும் உள்ளது. மருத்துவம் செய்துகொள்ளுமாறு அண்ணலார் ஏவியதும் நாம் அறிந்ததே. தீங்கு களையப்பட வேண்டும் என்பது ஃபிக்ஹுக் கலையின் ஐந்து பெரும் விதிகளுள் ஒன்று. எனவே தேர்ந்த மருத்துவர், உண்மையான தேவை, தீங்கினும் நன்மை மிகுதி என்னும் நம்பிக்கை ஆகிய மூன்றும் கூடினால் இதற்குத் தடை காண்பதற்கில்லை. இம்மூன்றும் கூடுதல் அவசியம் என்பதை அழுத்திச் சொல்கின்றோம். 2024 ஏப்ரலில் எடை குறைப்பு அறுவைக்காகச் சென்னைக்கு வந்த புதுச்சேரி இளைஞர் ஒருவர் உயிரிழந்ததும், அரசு விசாரணை நடத்தியதும் நாடறிந்த செய்தி. மெலிந்து தோன்ற வேண்டும் என்னும் ஆசைக்காக உடல் என்னும் அமானிதத்தைக் கத்திக்குக் கொடுப்பது வேறு விஷயம்; அதனை நாம் ஆதரிக்கவில்லை.

இரண்டாம் கேள்விதான் நம்மைச் சுட்டது. பருமன் என்பது முழுக்க முழுக்க மனத்தின் குற்றமா? பசி என்பதை நாம் இதுகாறும் நஃப்ஸின் குரலாகவே அறிந்திருந்தோம். ஆனால் 1999ஆம் ஆண்டில் ஜப்பானிய அறிஞர்கள், இரைப்பையில் சுரந்து மூளைக்குச் சென்று பசியைத் தூண்டும் ‘கிரெலின்’ என்னும் சுரப்பை இனங்கண்டார்கள். இரைப்பையைச் சட்டைக் கைபோல் குறுக்கும் அறுவையில், அச்சுரப்பு மிகுதியாகத் தோன்றும் மேற்பகுதி உட்பட இரைப்பையின் முக்கால் பங்குக்கும் மேல் அகற்றப்படுகின்றது. கொள்ளளவு குறைவதோடு பசியும் அடங்குவது இதனாலேதான். உடல் ஒருமுறை பருத்துவிட்டால், உணவைக் குறைக்குந்தோறும் அது பசியை மிகுவித்து, செலவிடும் சக்தியைக் குறைத்து, பழைய எடைக்கே திரும்ப முயலும் என்பதும் மருத்துவர்கள் கண்ட உண்மை. அவ்வாறாயின், ஒல்லியாக இருப்பவர் தம் நஃப்ஸை வென்றவர் என்றும், பருத்தவர் தோற்றவர் என்றும் எப்படித் தீர்ப்புக் கூறுவது? அரைப் படி பசியுடையவன் அரைப் படியோடு நிறுத்துவது தியாகமன்று. நான்கு படி பசியுடையவன் மூன்று படியில் கையெடுப்பது பெரும் போராட்டம். அப்போராட்டத்தை அறிபவன் அல்லாஹ் ஒருவனே. இதனைக் கொண்டு, உண்பதில் மனிதனுக்குப் பொறுப்பே இல்லையென்று வாதிடவும் கூடாது. உண்டு பருகி, வீண்விரயம் செய்யாதிருக்கத் திருமறையின் அல்அஃராஃப் அத்தியாயம் கட்டளையிடுகின்றது. வயிற்றில் மூன்றிலொரு பங்கு உணவுக்கும், ஒரு பங்கு நீருக்கும், ஒரு பங்கு மூச்சுக்கும் என வகுத்த நபிமொழியும் நம் முன் உள்ளது. பொறுப்பு ஒவ்வொருவருக்கும் உண்டு. ஆனால் பிறருடைய சுமையை நிறுத்துப் பார்க்கும் தராசு நம் கையில் இல்லை.

பருத்தவரைப் பழிப்பதும் மருந்தளித்து மீட்பதும் ஆகிய இரு வழிகளும் பழைய வரலாற்றிலேயே காணக்கிடக்கின்றன. கி.பி. பத்தாம் நூற்றாண்டில் ஸ்பெயினின் வடபால் இருந்த லியோன் நாட்டு மன்னர் சாஞ்சோ, அளவிறந்த பருமனால் இகழப்பட்டு 958இல் அரியணையை இழந்தார். அவருடைய பாட்டியார் தோதா அரசியார் அவரைக் குர்துபாவுக்கு அழைத்துச் சென்றார். அங்கே கலீஃபா மூன்றாம் அப்துர் ரஹ்மானின் அவையில் இருந்த யூத மருத்துவர் ஹஸ்தாய் இப்னு ஷப்ரூத் அவரது உடலை மெலிவித்தார். 960இல் சாஞ்சோ குர்துபாவின் படைத்துணையோடு அரியணையை மீண்டும் பெற்றார். சொந்த நாடு நகைத்துத் துரத்திய ஒருவரைக் கிறிஸ்தவர் என்றும் பாராது ஏற்று, யூதரைக் கொண்டு குணப்படுத்தியது ஒரு முஸ்லிம் தலைநகரம். ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் நாம் பள்ளிவாசலில் செய்தது, அந்நகைத்தவர்கள் செய்ததையே.

மூன்றாம் கேள்விக்கு வருவோம். கட்டாயம் குணமாகுமா? இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் இஹ்யாவில், நற்குணம் எவ்வாறு அமைகின்றது என்பதற்கு எழுத்துக் கலைஞனை உவமை காட்டுகின்றார்கள். அழகாக எழுத விரும்புபவன் முதலில் வலிந்து, பிறர் எழுத்தைப் பார்த்துப் பார்த்து எழுதுகின்றான். நாளடைவில் கை பழகி, வலிந்து செய்தது இயல்பாகின்றது. குணமும் அவ்வாறே என்பது இமாமின் முடிபு. சிறு பிள்ளைக்கு அலிஃப் எழுதக் கற்பிக்கும்போது அதன் கையை நம் கையால் பிடித்து எழுதுவிக்கின்றோம். அப்போது எழுதுவது யார்? பிடித்த கைதான். ஆனால் பிடி தளர்ந்த பின்னும் அப்பிள்ளை எழுதுமாயின், அது பிள்ளையின் எழுத்தேயாகும்.

சேலம் மாவட்டத்தார் அறிந்த உதாரணம் ஒன்றும் உண்டு. 1925இல் திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் கண்ட இராஜாஜி அவர்கள், சென்னை மாகாணத்தின் முதலமைச்சரானதும் 1937 அக்டோபர் முதல் நாள் மதுவிலக்கைச் சேலம் மாவட்டத்தில்தான் முதலில் நடைமுறைப்படுத்தினார்கள். திருச்செங்கோடு அன்று அம்மாவட்டத்தைச் சேர்ந்தது. கடை மூடப்பட்டதனால் மட்டும் ஒருவன் மதுவை வெறுத்தவனாகிவிடுவதில்லை. ஆயினும், மாலைக் கூலியோடு வீடு திரும்பும் ஏழையின் வழியில் அக்கடை இல்லாதபோது, திருந்த அவனுக்கு அவகாசம் கிடைக்கின்றது. அவகாசத்தைக் கொடுத்தது சட்டம். அதனைப் பயன்கொள்ள வேண்டியவன் அவன்.

கத்தி செய்வதும் இவ்வளவே. அறுவைக்குப் பின் முதல் ஓராண்டு, ஒன்றரை ஆண்டுக் காலம் எடை வேகமாகக் குறைவது வழக்கம். பின்னர்ப் பசி சிறிது சிறிதாகத் திரும்பும். இரைப்பையும் சற்று இளகும். இனிப்புப் பானங்களும் ஐஸ்கிரீமும் சிறுத்த இரைப்பையிலும் தடையின்றி இறங்கிவிடும். அந்நாளில் காப்பது கத்தியன்று, இடைப்பட்ட காலத்தில் பழகிய பழக்கமே. ஆகவே முதல் நாட்களின் ஒவ்வொரு மிடறும், பிடித்த கையோடு எழுதும் அலிஃப் போன்றது.

அம்முதல் நாட்களின் ஒழுங்கை அவரிடமும் செவிலியரிடமும் கேட்டறிந்தோம். அறுவை முடிந்த சில மணி நேரத்திலேயே எழுந்து நடக்க வேண்டும். காலில் இரத்தம் உறையாதிருக்க அது காவல். நுரையீரல் விரியப் பந்துக் கருவியை உறிஞ்சிப் பழக வேண்டும். வயிற்றுள் செலுத்திய வாயுவால் தோளில் வலி தோன்றலாம். நடக்க நடக்க அது தணியும். முதலில் தெளிந்த நீராகாரம், பின் இரு வாரம் வரை பால், மோர், வடித்த சூப்பு போன்றவை, அப்பால் மசித்த உணவு, ஒரு மாதம் கடந்து மெல்லத் திட உணவு என்பது பொது வரிசை. மருத்துவருக்கு மருத்துவர் இது சற்று வேறுபடும். உண்ணும்போது நீர் பருகலாகாது. புரதத்திற்கு முதலிடம் வேண்டும். வைட்டமின், இரும்பு, சுண்ணாம்புச் சத்து மாத்திரைகள் வாழ்நாள் முழுதும் வேண்டும். காய்ச்சல், நாடித் துடிப்பின் வேகம், கடும் வயிற்று வலி, மூச்சுத் திணறல் இவற்றுள் ஒன்று தோன்றினும் வீட்டு வைத்தியம் பாராது அப்பொழுதே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். தையலில் கசிவு ஏற்பட்டிருக்கக் கூடும்.

குடும்பத்தார்க்கும் இங்கே கடமை உண்டு. நாம் அங்கிருந்தபோதே உறவினர் ஒருவர் டிபன் கேரியரில் நெய்ச் சோறு கொண்டுவந்து, ஒரு வாயாவது உண்ணுமாறு வற்புறுத்தினார். அன்பினால் செய்ததுதான், ஆனால் அந்நிலையில் அந்த ஒரு வாய் உயிருக்கே உலையாகலாம். நோயாளியின் முன் விருந்தை விரித்து வைப்பதும், ‘கத்தியால் இளைத்தவர்’ என்று பின்னால் பேசுவதும் முஸ்லிமின் பண்பன்று. தொழுகையிலும் மார்க்கம் அவரை நெருக்கவில்லை. நிற்க இயலாவிடில் அமர்ந்தும், அதற்கும் இயலாவிடில் படுத்தும் தொழலாம். காயத்தில் நீர் படலாகாதெனில் கட்டின்மீது ஈரக் கையால் தடவலாம். ரமலான் வந்துவிட்டால், மருத்துவர் இசையும் வரை நோன்பை விட்டுப் பின்னர்க் களாச் செய்யலாம். அல்லாஹ் தந்த சலுகையை ஏற்பதும் வணக்கமே.

இவற்றையெல்லாம் எண்ணியபின் அவருக்கு நாம் கூறிய விடை இதுதான்: “தம்பி, பசியில்லாததற்குக் கூலி இல்லை, அது அல்லாஹ் உமக்குத் தந்த அருள், அதற்கு ஷுக்ருச் செய்யும். ஆனால் நின்று தொழ வேண்டும், பிள்ளைகளுக்குத் தகப்பனாக இன்னும் சில காலம் இருக்க வேண்டும் என்று நிய்யத் வைத்து, அச்சத்தோடு அந்த மேசையில் படுத்தீர் அல்லவா? அது உம்முடைய அமல். அமல்களுக்குக் கூலி நிய்யத்தைக் கொண்டே. இனிப் பசி திரும்பி வரும் நாளில் கையை எடுப்பீரே, அதுவும் உம்முடையது.” அதன்பின், அந்த ரமலான் இரவை நினைவூட்டி மன்னிப்புக் கேட்டோம். அவர் ஒன்றும் சொல்லாமல் சற்று நேரம் சன்னலைப் பார்த்திருந்தார். பிறகு, “நடக்கோணும்னு சொன்னாங்க, கையைப் புடிங்க ஹஜ்ரத்” என்றார். தாழ்வாரத்தின் மறுகோடி வரை சென்று திரும்பினோம்.

அப்துல்லாஹ் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் மெலிந்த கால்களைக் கண்டு தோழர்கள் சிலர் சிரித்தபோது, அக்கால்கள் மறுமைத் தராசில் உஹது மலையினும் கனமானவை என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அச்சிரிப்பை அடக்கினார்கள். மெலிந்தவரைக் கண்டு சிரித்தாலும் பருத்தவரைக் கண்டு சிரித்தாலும் குற்றம் ஒன்றே. மருத்துவமனையின் எடைக் கருவி காட்டும் எண் குறையட்டும். மீஸானில் நம் நன்மைகள் கனக்கவும், பிறரைச் சிரித்த நம் நாவின் பிழைகளைப் பொறுத்தருளவும், நோயுற்றோர் அனைவருக்கும் பூரண ஷிஃபா அளிக்கவும் வல்ல நாயன் அருள்புரிவானாக! ஆமீன்.